சேலத்துத் தனியார் மருத்துவமனைகள்: சேர்க்கும் முன்னும் சேர்த்த பின்னும் கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பு மேசையிலும் அப்புறம் காப்பீட்டு மேசையிலும் வேலை பார்த்தவன் எழுதுவது இது. தெரிந்தவர்கள் போன் போட்டுக் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். எந்த மருத்துவமனை நல்லது என்ற கேள்விக்கு மட்டும் இங்கே பதில் இருக்காது. எந்த வைத்தியம் தேவை என்பதை டாக்டர் சொல்லட்டும். பணம், காகிதம், நேரம் மூன்றும் எங்கே சிக்கிக்கொள்ளும் என்பதை நான் சொல்கிறேன்.

சேலத்தில் தெருவுக்குத் தெரு மருத்துவமனை இருக்கிறதே, இத்தனை எப்படி வந்தன?

பழைய சேலம் மாவட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். 1965 வரை தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. நாமக்கல் தனியாகப் போனது 1997-ல். மாவட்டங்கள் பிரிந்தாலும் பஸ் ரூட் பிரியவில்லை. அரூர், ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர், சின்னசேலம் என்று எந்தப் பக்கத்து நோயாளியும் 'சேலத்துக்குக் கொண்டு போங்க' என்ற ஒரே பேச்சில் இங்கே வந்து சேர்ந்தார். தருமபுரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2008-ல்தான். நாமக்கல், கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சி மூன்றுக்கும் 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். அதுவரை அந்தக் கூட்டம் முழுக்க சேலத்து அரசு ஆஸ்பத்திரிக்கும் அதைச் சுற்றி முளைத்த தனியார் மருத்துவமனைகளுக்கும் வந்தது.

இன்னொரு காரணம் சாலை. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த வழியாகத்தான் போகிறது. கொச்சிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இங்கிருந்தே நெடுஞ்சாலை பிரிகிறது. வடக்கே தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்த செய்தி வராத மழைக்காலம் குறைவு. எலும்பு முறிவுக்கும் தலைக்காயத்துக்கும் சேலத்தில் இத்தனை டாக்டர்கள் இருப்பதற்கு இந்தச் சாலைகளும் ஒரு காரணம்.

ஆரம்பத்தில் எல்லாம் நர்சிங் ஹோம்தான். கணவர் அறுவை சிகிச்சை, மனைவி பிரசவம். கீழே ஓபி, மாடியில் சில அறைகள், பின்கட்டில் டாக்டர் குடும்பம். ஃபேர்லேண்ட்ஸ், மெய்யனூர், அழகாபுரம், சாரதா கல்லூரி சாலைப் பக்கம் வளர்ந்தது இப்படித்தான். பெயர்ப் பலகையில் அம்மா பெயரோ குலதெய்வத்தின் பெயரோ இருக்கும். அப்புறம் சிடி ஸ்கேன், கேத் லேப் (இருதய ரத்தக்குழாய் அடைப்பைக் கண்டு சரிசெய்யும் அறை), டயாலிசிஸ் என்று கருவிகள் வந்தன. ஒரு குடும்பம் தனியாக வாங்கக்கூடிய விலை இல்லை. டாக்டர்கள் பங்கு போட்டுச் சேர்ந்தார்கள். 1983-ல் சென்னையில் அப்பல்லோ திறந்தபோதே, மருத்துவமனையைக் கம்பெனி போலவும் நடத்தலாம் என்ற எண்ணம் மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்ததும், கையில் காசில்லாதவரும் தனியாரில் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றானது. படுக்கைகள் பெருகியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. மணிப்பால், காவேரி போன்ற வெளியூர்க் குழுமங்களும் பிறகு இங்கே கிளை வைத்தன.

அதற்கு முன்னால் பெரிய வியாதிக்கு எங்கே போனார்கள்?

வேலூர். ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிஎம்சிக்கு, சேலத்துக் குடும்பங்களில் ஒருவராவது போய் வந்திருப்பார். வசதி உள்ளவர்கள் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் போனார்கள். இன்றும் போகிறவர்கள் உண்டு. போகட்டும், தப்பில்லை. ஆனால் நேரம் முக்கியமான நோயில் ஊர் தாண்டிப் போவது வேறு விஷயம். அதைக் கீழே சொல்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரியே பெரிதாக இருக்கிறதே, தனியாருக்கு ஏன் போக வேண்டும்?

போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மோகன் குமாரமங்கலம் பெயரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி 1986-ல் தொடங்கியது. பிரதமரின் ஸ்வஸ்த்ய சுரக்ஷா திட்டத்தின் முதல் கட்டத்திலேயே அதன் மருத்துவமனைக்கு சூப்பர் ஸ்பெஷாலிட்டி வசதி ஒதுக்கினார்கள். பல விஷயங்களில் அங்குள்ள டாக்டர்கள் ஒரு வாரத்தில் பார்க்கும் கேஸ்களைத் தனியார் மருத்துவமனை ஒரு மாதத்தில்கூடப் பார்க்காது. பாம்புக்கடி, விஷம் குடித்தது, தீக்காயம் இவற்றுக்கு யோசிக்காமல் அங்கே போகலாம். தனியாரில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது தனி அறை, காத்திருப்புக் குறைவு, அதே டாக்டர் தினமும் வந்து பேசுவது. சில சமயம் இந்த மூன்றுமே தேவைப்படும், சில சமயம் தேவைப்படாது.

மல்டி ஸ்பெஷாலிட்டி என்று போர்டு போட்டிருந்தால் எல்லாமே இருக்குமா?

போர்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். பட்டியலில் இருதயம், மூளை, சிறுநீரகம், குழந்தைகள் என்று பத்துத் துறைகள் இருக்கும். அதில் எத்தனை டாக்டர்கள் முழுநேரம், எத்தனை பேர் வாரத்தில் ஒருநாள் வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள் என்று போர்டு சொல்லாது. வரவேற்பில் இப்படிக் கேளுங்கள்: 'ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு வலி என்று வந்தால் கேத் லேப் ஓடுமா? டாக்டர் உள்ளேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா?' தயங்காமல் பதில் வந்தால் நம்பலாம்.

என்ஏபிஎச் என்பது மருத்துவமனைக்கான தரச்சான்று, என்ஏபிஎல் பரிசோதனைக் கூடத்துக்கு. இருந்தால் நல்லது. இவை இல்லாததாலேயே ஓர் இடம் மோசமாகிவிடாது. பதிவு மட்டும் கட்டாயம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-லிருந்து இருக்கிறது. அதற்கான விதிகள் 2018-ல் வந்த பிறகு சின்ன கிளினிக்கும் நலப்பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும்.

நெஞ்சு வலி, பக்கவாதம் என்றால் முதலில் எங்கே?

பக்கத்தில், அதற்கான வசதி இருக்கிற இடத்துக்கு. மூளையில் ரத்தக்குழாய் அடைபட்ட பக்கவாதத்துக்கு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடைப்பா, ரத்தக்கசிவா என்று சிடி எடுத்துப் பார்க்காமல் அதைப் போட முடியாது. ஆகவே சிடி இல்லாத இடத்தில் இறக்கினால், அங்கிருந்து மறுபடி கிளம்புவதற்குள் பாதி நேரம் போய்விடும். வாய் கோணுகிறதா, கை தூக்க முடியவில்லையா, பேச்சு குழறுகிறதா, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் நோயாளியோடு வர வேண்டும். பில் கட்டுகிறவர் பின்னால் வரலாம்.

நெஞ்சு வலியில் நம் ஊர்ப் பழக்கம் 'கேஸ் பிடிச்சிருக்கும்' என்று ஒரு சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பது. இசிஜி எடுத்த பிறகு அது கேஸ் என்று தெரிந்தால் சந்தோஷமாக சோடா குடிக்கலாம். வலியோடு தானே வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து அவசரத்துக்கு இறக்குவது எப்படி?

இதை நிறைய பேர் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர். அதில் அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். சனி, ஞாயிறு, கோடை விழா நாட்களில் எதிரே வரும் சுற்றுலா வண்டிகளால் நேரம் கூடும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் குப்பனூர் வழி ஒன்றுதான் மிச்சம். அதனால் எல்லாவற்றுக்கும் நேரே சேலம் என்று ஓடாமல், மேலேயே ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலுதவி பார்த்துவிட்டு இறங்குவதே பல நேரம் சரி. ரத்தம் கொட்டுகிறது, மூச்சுத் திணறுகிறது என்றால் கட்டாயம் அப்படித்தான்.

108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது, காசு கிடையாது. வண்டியிலேயே ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் இருப்பார்கள். எஸ்டேட் ஜீப்பில் பின் சீட்டில் படுக்கவைத்து வளைவு வளைவாக இறக்குவதற்கு இது எவ்வளவோ மேல். வண்டி வர நேரமாகும் என்று அவர்களே சொன்னால், எதிர் எதிராக வந்து பாதி வழியில் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

காபித் தோட்டத்தில், மிளகுக் கொடி ஏறும் இடத்தில் பாம்பு கடித்தால், இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மந்திரிக்கப் போய் ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கடித்த காலை அசைக்காமல், எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் கட்டை வைத்து வையுங்கள். கொலுசு, மெட்டி, மோதிரம், வளையல் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீக்கம் ஏறிய பிறகு சேலத்து வெள்ளிக் கொலுசை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பாம்பைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துச் செய்தது, ஆகவே எந்தப் பாம்பு என்று தெரியாமலும் சிகிச்சை தொடங்க முடியும். அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு சென்னையை அடுத்த வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. மலைக்காட்டில் இருக்கிற குழிவிரியன்களுக்கு இந்த மருந்து பொருந்தாது. அதனால் தூரத்திலிருந்து ஒரு போட்டோ எடுக்க முடிந்தால் டாக்டருக்கு உதவும், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனையில் இந்த மருந்து இலவசம். தனியாரில் குப்பிக்குக் குப்பி பில் ஏறும்.

முன்பணம் கட்டினால்தான் அவசர சிகிச்சை என்கிறார்கள். சொல்லலாமா?

கூடாது. உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, காகிதமும் போலீசும் அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு அரசு, தனியார் இரண்டுக்கும் பொருந்தும். அவசரம் தீர்ந்து நிலை சீரான பிறகு முன்பணம் கேட்பார்கள். அது வேறு கட்டம். அந்த நேரத்தில் முடியாது என்று தோன்றினால் அப்போதே சொல்லி அரசு மருத்துவமனைக்கு மாற்றக் கேளுங்கள். மூன்று நாள் ஐசியுவில் வைத்துவிட்டுச் சொன்னால் எல்லோருக்கும் கஷ்டம்.

சாலை விபத்துக்கு இலவசம் என்கிறார்களே?

ஆமாம், தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம். 2021 டிசம்பர் 18-ல் தொடங்கியது. விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் செலவை அரசு ஏற்கும். தொடக்கத்தில் உச்சவரம்பு ₹1 லட்சம், பிறகு ₹2 லட்சமாக உயர்த்தினார்கள். காப்பீட்டு அட்டை வேண்டாம், வெளிமாநில லாரி டிரைவருக்கும் உண்டு. வரவேற்பில் 'இது 48-ல் வருமா' என்று கேட்டாலே போதும், புரிந்துகொள்வார்கள். டூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதை ஏஆர் என்பார்கள். அதன் நகலைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் இழப்பீட்டு வழக்குக்கு அது வேண்டும். தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தவரைப் பெயர் சொல்லும்படியோ காசு கட்டும்படியோ யாரும் வற்புறுத்த முடியாது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. எந்தத் தனியாரிலும் செல்லுமா?

பட்டியலில் உள்ள மருத்துவமனையில் மட்டும். அங்கேயும் எல்லா நோய்க்கும் அல்ல, இதுதான் பலருக்குத் தெரியாத இடம். ஒரு மருத்துவமனை எலும்புக்குப் பட்டியலில் இருக்கும், இருதயத்துக்கு இருக்காது. ஆகவே 'இங்கே கார்டு எடுப்பீங்களா' என்று பொதுவாகக் கேட்காமல், 'இந்த ஆபரேஷனுக்கு இங்கே கார்டில் அனுமதி வருமா' என்று கேளுங்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணிலும் விசாரிக்கலாம்.

2012 ஜனவரியில் தொடங்கிய இந்தத் திட்டம் 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸிலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு விஏஓவைத் தேடி ஓடாமல், உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

அனுமதி வந்த சிகிச்சைக்குத் தனியாகக் கையில் காசு கேட்கக் கூடாது. கேட்டால் ரசீது கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். தனி அறை வேண்டும் என்று நீங்களே கேட்டால் அது இந்தத் திட்டத்துக்குள் வராது.

கம்பெனி கொடுத்த மெடிக்ளைம் (மருத்துவக் காப்பீடு) இருக்கிறது. காப்பீட்டுக் கம்பெனியே நேராகப் பில் கட்டும் கேஷ்லெஸ் என்றால் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாமா?

கட்ட வேண்டியிருக்கும். கையுறை, டயப்பர், பதிவுக் கட்டணம் போன்றவற்றைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. பெரிய அடி விழுவது அறை வாடகையில்தான். பாலிசியில் அறைக்கு நாளுக்கு ₹3,000 வரம்பு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ₹6,000 ஏசி அறை எடுத்தால், மீதி ₹3,000 மட்டும்தான் நம் தலையில் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. விகிதாசாரக் கழிவு உள்ள பாலிசியில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியைத்தான் கொடுப்பார்கள். மருந்து, உடம்புக்குள் பொருத்தும் இம்ப்ளான்ட், பரிசோதனை ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்பது விதி. என் மேசையில் நடந்த சண்டைகளில் பாதி இந்த ஒரு விஷயத்தால் வந்தவை. அறையை மனைவி தேர்ந்தெடுப்பார், பாலிசியைக் கணவர் எடுத்திருப்பார், இருவரும் பேசிக்கொள்ளும் நாள் டிஸ்சார்ஜ் நாளாக இருக்கும்.

கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் உத்தரவு போட்டது. அப்படியும் மாலை ஆகிறது என்றால், டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்துப் போடும் வரை மருத்துவமனை பில்லையே அனுப்பியிருக்காது. முந்தின நாளே 'நாளைக்குப் போகலாமா' என்று டாக்டரிடம் கேட்டு, சம்மரியை டைப் செய்து வைக்கச் சொல்லுங்கள். முன்னமே இருந்த சர்க்கரை, பிரஷரை மறைக்காதீர்கள். கேஸ் ஷீட்டில் நீங்களே சிஸ்டரிடம் சொன்னது எழுதியிருக்கும், அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

பில்லில் எதைப் பார்க்க வேண்டும்?

மொத்தத் தொகையை விட்டுவிட்டு நாள்வாரிப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றிய நாள் இரண்டு முறை வந்திருக்கிறதா, திருப்பிக் கொடுத்த மருந்து கழிக்கப்பட்டதா, பார்க்கவே வராத டாக்டரின் விசிட் கட்டணம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐசியு அல்லாத அறை வாடகை நாளுக்கு ₹5,000-க்கு மேல் போனால் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, 2022 ஜூலையில் வந்தது.

இருதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற சின்னக் குழல் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கரைக் கேளுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் அந்த ஸ்டிக்கரில் கம்பெனி, அளவு, வரிசை எண் இருக்கும். கோப்பில் ஒட்டி நகல் தருவார்கள். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு ₹29,600 என்று மத்திய அரசு உச்சவிலை வைத்தது, அதன்பின் அவ்வப்போது மாற்றி வருகிறார்கள். அந்த வருடமே முழங்கால் மூட்டு இம்ப்ளான்டுக்கும் வரம்பு வந்தது. வரம்பு பொருளுக்குத்தான். பேக்கேஜ் என்று மொத்தமாகச் சொன்னால் அதற்குள் பொருள் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மருந்தை வெளிக் கடையில் வாங்கலாம். உள்ளேதான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் ஐசியுவில் நடுராத்திரி தேவைப்படும் ஊசிக்கு ஐந்து ரோடு சந்திப்பு வரை ஓடுவது நடைமுறையில் நடக்காது. தினசரி மாத்திரைக்கு வெளியே வாங்குங்கள்.

வேறு டாக்டரிடம் காட்ட வேண்டும். ரிப்போர்ட் தருவார்களா?

எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், உள்நோயாளி ஆவணங்களைக் குறைந்தது மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். 2002-ல் வந்த மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை இதைச் சொல்கிறது. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படங்களைக் குறுந்தகட்டிலோ லிங்க்கிலோ கேட்டு வாங்குங்கள். வெறும் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து அடுத்த டாக்டர் என்ன செய்வார்? இரண்டாவது கருத்துக் கேட்டால் முதல் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படாதீர்கள். நல்ல டாக்டர்களே 'வேண்டுமானால் காட்டிவிட்டு வாங்க' என்பார்கள்.

கர்ப்ப ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்வார்களா?

மாட்டார்கள். 1994 சட்டப்படி கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். 'சும்மா ஆசைக்குத்தான்' என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெற்றோர் வேண்டாம் என்று விடும் பெண் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் முதலில் தொடங்க வேண்டியிருந்த மாவட்டம் எது என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்கட்டும். சேலம்தான்.

மூளைச்சாவு என்று சொல்லி உறுப்பு தானம் கேட்டால்?

தானம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், யாரும் வற்புறுத்தக் கூடாது. மூளைச்சாவை ஒரு டாக்டர் தனியாக அறிவிக்க முடியாது. டாக்டர் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துக் கையெழுத்திட வேண்டும். சம்மதித்த பிறகு உறுப்புகளைப் பாதுகாக்கும் செலவைக் குடும்பத்தின் பில்லில் சேர்க்கக் கூடாது. உறுப்பு யாருக்குப் போகும் என்பதை மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியல் முடிவு செய்யும், அந்த மருத்துவமனை அல்ல. தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார்.

புகார் எங்கே கொடுப்பது?

முதலில் மருத்துவமனை நிர்வாகத்திடம், எழுத்தில், நகல் வைத்துக்கொண்டு. சரியாகவில்லை என்றால் நலப்பணிகள் இணை இயக்குநர். டாக்டரின் நடத்தை பற்றி என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். இழப்பீடு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொதுவாக இரண்டு வருடத்துக்குள். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கண்ணாடியை உடைத்து, சிஸ்டர்களைத் திட்டினால் உங்கள் மேல்தான் வழக்கு வரும். தமிழ்நாட்டில் அதற்கென்றே 2008-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. பில் பாக்கிக்காக இறந்தவரின் உடலைத் தராமல் வைத்திருக்கவும் முடியாது. அப்படிச் சொன்னால் அந்த நிமிடமே போலீசைக் கூப்பிடலாம்.

கூட எத்தனை பேர் இருக்கலாம், சாப்பாடு கொண்டு வரலாமா?

வார்டில் ஒருவர், ஐசியுவில் யாரும் தங்க முடியாது, பார்வை நேரத்தில் பாஸ் காட்டி ஒவ்வொருவராகப் போகலாம். வீட்டுச் சாப்பாட்டைச் சில இடங்களில் அனுமதிப்பார்கள். டயட்டீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். சிறுநீரக நோயாளிக்கு ஆசையாகக் கொண்டு வரும் இளநீரும் மாம்பழமும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும், அதுவும் மே மாதத்தில் சேலத்துக்காரர்களிடம் மாம்பழம் வேண்டாம் என்று சொல்வது லேசான வேலை இல்லை. நாட்டு மருந்து, லேகியம் எது சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சேர்க்கும்போதே டூட்டி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், பாட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள்.